காந்தியின் திங்கட்கிழமை மௌனம்: சோகமா, கூச்சமா?

அக்டோபர் 3
ஒரு வாசகர் கேட்டது:

"நேற்று காந்தி ஜெயந்திக்கு மகனைக் கூட்டிக்கொண்டு தமுக்கம் பக்கம் காந்தி மியூசியம் போனேன். கடைசிக் காலப் படங்களைப் பார்க்கப் பார்க்க ஒன்றுதான் தோன்றியது. இந்த மனுஷன் உள்ளுக்குள் உடைந்துபோயிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் வாயே திறக்க மாட்டார். சுற்றிலும் கூட்டம், இவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு. நாம் அதை விரதம் என்கிறோம். இன்றைக்கு டாக்டரிடம் காட்டியிருந்தால் மனச்சோர்வு என்று எழுதிக் கொடுத்திருப்பார். சிலர் 'இன்ட்ரோவர்ட்' என்கிறார்கள். அது மழுப்பல் என்பது என் கட்சி. என்ன சொல்கிறீர்கள்?"

அக்டோபர் 3, இரவு

மழுப்பல் இல்லை தம்பி. மனுஷன் பிறவியிலேயே கூச்ச சுபாவி. நாமாகக் கற்பித்துச் சொல்வதில்லை, சுயசரிதையில் அவரே எழுதி வைத்தது. ராஜ்கோட்டில் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடியே போவாராம். நடந்து போனால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், கேலி செய்வார்கள் என்ற பயம். லண்டனில் படிக்கும்போது சைவ உணவுக்காரர்கள் சங்கத்தில் கமிட்டி உறுப்பினர். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயும் எழுந்து படிக்க முடியாமல், வேறொருவர் படித்தார். ஊருக்குக் கிளம்புமுன் நண்பர்களுக்கு விருந்து கொடுத்தார். அதில் ஒரு நகைச்சுவையோடு ஆரம்பிக்கலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். முதல் வரியோடு நின்றுபோனது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாரிஸ்டர் பட்டத்தோடு திரும்பி வந்த பிறகு நடந்தது இதைவிடப் பரிதாபம். பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றம், மமிபாய் என்ற பெண்ணின் வழக்கு, கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நிற்கிறார். தலை சுற்றுகிறது, கோர்ட்டும் சேர்ந்து சுற்றுகிறது. கேட்பதற்கு ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பட்டேல் என்ற வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பட்டேல் அதே வேலைக்கு 51 ரூபாய் வாங்கினார். அந்தத் தொகையைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறார் பாருங்கள். வெட்கத்தில் புழுங்குகிறவனுக்குத்தான் இப்படித் துல்லியமாக நினைவிருக்கும்.

அக்டோபர் 3, இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து

விட்டுப்போனது. நான் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். பெரிதாகப் பேச மாட்டேன். "என்னக்கா, வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று பணிக்காலம் முழுக்கக் கேட்டார்கள். பிரச்சினை எதுவும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு தனியாக வேப்பமரத்தடியில் உட்காருவது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆகவே இந்த வழக்கில் நான் நடுநிலை இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 4

தெப்பக்குளத்திலிருந்து எழுதுகிறவருக்கு. மதுரையில் காந்தி சட்டையைக் களைந்தது ஒரு மௌனநாளில், துக்கம் தாங்காமல் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நாள்தான் உதைக்கிறது. அது 1921 செப்டம்பர் 22, வியாழக்கிழமை. மௌனநாள் திங்கட்கிழமை.

துக்கம் தாங்காமல் என்பதும் அவ்வளவு சுலபமாக ஒட்டவில்லை. மதுரைக்கு வருவதற்கு முன்பே இரண்டு தடவை அந்த யோசனை வந்து தள்ளிப் போட்டிருக்கிறார். ஒரு தடவை வங்காளத்தில். இன்னொரு தடவை அதே மாதம் வால்டேர் (விசாகப்பட்டினம்) ஸ்டேஷனில் கிலாபத் தலைவர் மௌலானா முகமது அலியைக் கைது செய்துகொண்டு போனபோது. மதுரைக்கு வரும் ரயிலில் கதர் உடுத்துங்கள் என்று சொன்னதற்கு, வாங்க வசதியில்லை, விலை கட்டுப்படியாகாது என்று பதில் வந்தது. கூட இருந்தவர்கள் தயங்கினார்கள், ஜனங்கள் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களே என்று. மேலமாசி வீதி வீட்டில் ராத்திரி தங்கினார், காலையில் நான்கு முழத் துண்டோடு இறங்கினார். போகிற வழியில் ஜனங்கள் முன்னால் அந்தக் கோலத்தில் நின்ற இடம்தான் காமராஜர் சாலையில் இருக்கிற காந்தி பொட்டல். இன்றைக்கு அங்கே ஷேர் ஆட்டோக்காரர்கள் போடுகிற ஹாரனில் அந்தச் சிலைக்கே காது அடைத்திருக்கும்.

இன்னொன்று. அந்த உடைக்கு முதலில் அவர் வைத்த கெடு அக்டோபர் 31 வரைதான். அதற்குப் பிறகுதான் ஆயுசுக்கும் என்று ஆனது. மனம் உடைந்து முடிவெடுக்கிறவன் தேதி குறித்துக்கொண்டா எடுப்பான்?

அக்டோபர் 6

மௌனநாள் என்றதும் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. இந்த விவாத இழைக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம்மக்கல்லில் கூட்டுக்குடித்தனம். பெரியப்பா கதர்தான் கட்டுவார், திங்கட்கிழமை மௌனவிரதம். ஒரு சிலேட்டும் பல்பமும் சட்டைப்பையோடு சட்டைப்பையாக எப்போதும் கூடவே இருக்கும். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிக்கல் புரிகிறதா? அவர் எழுதி நீட்டுவார். பெரியம்மா அடுப்படியிலிருந்து "ஏ புள்ள, இங்க வா, ஒங்க பெரியப்பா என்னமோ கிறுக்கியிருக்காரு" என்று கூப்பிடுவார். நான் போய் வாசிக்க வேண்டும். "ரசத்தில் உப்பு கம்மி." "செல்லூர் மாமா வந்தால் இல்லை என்று சொல்." சில சமயம் "காபி" என்று எழுதியிருப்பதை "காபி வேண்டாம்" என்று வாசித்துவிடுவேன். சிலேட்டை வெடுக்கென்று பிடுங்கி, "வேண்டாம்" எங்கே இருக்கிறது என்று விரலால் தட்டித் தட்டிக் காட்டுவார். முகம் சிவந்துபோகும், ஆனால் வாய் திறக்காது. சத்தியவான்.

பெரியப்பாவின் திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு. பெரியம்மாவுக்கு இரட்டை வேலை. காந்தியின் மௌனத்தைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அவர் சீட்டு எழுதினார் என்றால் அதை வாங்கி, வாசித்து, ஓடி, பதில் கொண்டுவந்தவர்கள் யார்?

அக்டோபர் 6, மாலை

மௌனவிரதத்தில் உள்ள ஆன்மிகத்தை நான் கொச்சைப்படுத்துவதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். ஐயா, காந்தியே இதைவிட அதிகமாகச் சொல்லியிருக்கிறார். 1942இல் அவருடைய சேவாகிராம ஆசிரமத்துக்கு லூயி ஃபிஷர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் வந்து ஒரு வாரம் தங்கினார். அவரிடம் சொன்னதன் சாரம் இது. அப்போது என்னை ஆளாளுக்குப் பிய்த்து எடுத்தார்கள், வெக்கையில் ரயில் பயணம், ஓயாமல் கூட்டம், வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டியிருந்தது, அதனால் ஆரம்பித்தேன். பிற்பாடு அதற்கு எல்லா விதமான நற்குணங்களையும் ஏற்றி ஆன்மிகப் போர்வை போர்த்தினேன். உண்மையில் எனக்கு ஒரு நாள் லீவு வேண்டியிருந்தது, வேறொன்றுமில்லை.

மனம் சோர்ந்தவன் இப்படித் தன்னையே கிண்டல் செய்துகொள்வானா என்று கேட்கத் தோன்றுகிறது. செய்வான், அதுவும் தெரியும். ஆனாலும் இது என் பக்கம் சேருகிற சாட்சி. நாள் முழுக்க மனிதர்களோடு இருந்தால் வற்றிப்போய், தனியாக இருந்து ஊறினால்தான் மறுபடி இறைக்க முடிகிற சுபாவம். எங்கள் ஊர்க் கிணறுகளுக்கும் அதே சுபாவம்தான்.

அக்டோபர் 7

கேள்வி கேட்ட தம்பி விடாக்கண்டர். அறிகுறிப் பட்டியல் ஒன்றைப் போட்டு ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்திருக்கிறார். உணவில் நாட்டமின்மை, தூக்கம் குறைவு, குற்ற உணர்ச்சி. உண்ணாவிரதம் இருக்கிறவருக்கும் பசிக்கத்தான் செய்யும் தம்பி, அது நாட்டமின்மை இல்லை. விடிகாலைப் பிரார்த்தனைக்கு எழுந்தால் தூக்கமின்மை என்றால் எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் எல்லாரும் நோயாளிகள்.

குற்ற உணர்ச்சியை மட்டும் ஒதுக்க மாட்டேன். அப்பா இறந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனதை ஆயுசு முழுக்கச் சுமந்தவர். விடலைப் பருவத்தில் பெரியவர்களைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியவில்லையே என்று வெறுத்து உயிரை விடப் போய், பயந்து திரும்பியதையும் எழுதியிருக்கிறார். 1918இல் குஜராத்தின் கேடாவில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கப் போய், அகிம்சை பேசுகிறவர் இப்படிச் செய்யலாமா என்று ஜனங்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். அதோடு கடும் சீதபேதி. செத்துவிடுவோம் என்றே நினைத்தார். அந்த மாதங்களில் மனமும் படுத்துவிட்டது என்று சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

கவனியுங்கள், அப்போது மௌனநாள் என்ற பழக்கமே கிடையாது.

அக்டோபர் 7, பின்குறிப்பு

"இன்ட்ரோவர்ட் என்பதெல்லாம் மேல்நாட்டு ஃபேஷன், காந்திக்கு ஒட்டாது" என்று சொன்னவருக்கு ஒரு தமாஷ். உள்முகம், வெளிமுகம் என்று ஆட்களைப் பிரித்து உளவியலாளர் கார்ல் யுங் புத்தகம் வெளியிட்டது 1921இல். நம் ஊரில் சட்டை கழன்ற அதே வருஷம். இதிலிருந்து எதுவும் நிரூபணமாகவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்க உதவும்.

அக்டோபர் 11

நாலு நாளாக எழுதவில்லை. எழுதினதையெல்லாம் திரும்ப வாசித்தேன். சோகமா கூச்சமா என்று கட்சி பிரித்துக்கொண்டு நான் ஒரு பக்கம் வாதாடிக்கொண்டிருக்கிறேன். பெரியப்பாவை நினைக்க நினைக்க அந்தக் கோடே வேறு இடத்தில் விழ வேண்டும் என்று படுகிறது.

பெரியம்மா போனதும் பெரியப்பாவின் திங்கட்கிழமை நின்றுபோனது. நாங்கள் எதிர்பார்த்தது மனுஷன் அப்படியே உள்ளே சுருங்கிவிடுவார் என்று. நேர்மாறு. பேச ஆரம்பித்தார். திண்ணையில் உட்கார்ந்து தபால்காரரிடம், கீரைக்காரியிடம், மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவரிடம். பெரியம்மாவின் கடைசி ஆஸ்பத்திரி நாட்களை நாள்வாரியாக, மருந்துச் சீட்டுகளோடு. ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் குரல் கேட்கும். சிலேட்டு பரணில் போய்க் கிடந்தது. அந்த வீட்டில் மௌனம் இருந்த காலமெல்லாம் அவர் நன்றாக இருந்த காலம்.

இதை வைத்துக்கொண்டு காந்தியின் கடைசி வருஷங்களைப் பாருங்கள். தம்பி அவருடைய சோகத்தை மௌனத்தில் தேடுகிறார். அது பேச்சில் இருக்கிறது.

1947 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. வழக்கத்தைவிட முன்னதாக முழிப்பு வந்துவிட்டது, பிரார்த்தனைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இருட்டில் படுத்தபடி தணிந்த குரலில் தனக்குத்தானே பேசுகிறார். இன்றைக்கு நான் தனியாள் ஆகிவிட்டேன், சர்தாரும் ஜவஹர்லாலும்கூட நான் நிலைமையைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறார்கள், இந்த ரீதியில். பிரிவினை உறுதியாகிவிட்ட நேரம். மறுநாள் ஜூன் 2, திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டத்தைச் சொல்லப்போனால் கிழவர் என்ன கிளப்பிவிடுவாரோ என்று வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு உதறல். காந்தி உள்ளே வருகிறார், உதட்டில் விரலை வைக்கிறார். அன்றைக்கு மௌனம்! பழைய கடித உறைகளின் முதுகில் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறார். மன்னிக்கவும், பேச முடியாது, அவசர விஷயத்துக்கு மௌனத்தைக் கலைக்கலாம் என்று விலக்கு வைத்திருக்கிறேன், ஆனால் நான் கலைப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று தெரியும். இதில் குத்தல் இருக்கிறது, மரியாதை இருக்கிறது, கொஞ்சம் குறும்புகூட இருக்கிறது. முந்தின நாள் விடிகாலையில் புலம்பிய அதே ஆள்.

சரி, எது சோக நாள்? ஞாயிறா, திங்களா?

அக்டோபர் 12

ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக் கட்டடம் எழுப்பக்கூடாது என்று சரியாகவே கேட்டிருக்கிறார்கள். இன்னொன்று தருகிறேன். 1948 ஜனவரி 12, அதுவும் திங்கட்கிழமை. டெல்லியில் மறுநாள் முதல் உண்ணாவிரதம் என்று அறிவித்தார். மௌனநாள் ஆகையால் எழுதிக் கொடுத்தார், பிரார்த்தனைக் கூட்டத்தில் அவருடைய டாக்டர் சுசீலா நய்யார் வாசித்தார். நேருவுக்கும் வல்லபாய்க்கும்கூட முன்கூட்டித் தெரியாது. முடிவு மின்னல் மாதிரி வந்தது, வந்ததும் மனம் மகிழ்ச்சியாகிவிட்டது என்று அதிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டார், யாரும் எதிர்வாதம் செய்ய முடியாது. என் பெரியப்பா "செல்லூர் மாமா வந்தால் இல்லை" என்று எழுதியதைவிடப் பெரிய தந்திரம்.

அதற்கு முந்தைய மாதங்களில் அதே பிரார்த்தனைக் கூட்டங்களில் தினமும் வாய்விட்டுப் பேசியவற்றைப் படியுங்கள். 125 வருஷம் வாழ ஆசைப்பட்டவர், 1947 அக்டோபரில் தன் பிறந்தநாளன்று அந்த ஆசை போய்விட்டது என்றார். வாழ்த்துக்குப் பதில் அனுதாபம் சொல்லியிருக்கலாமே என்றார். அதெல்லாம் பேச்சு, ஒலிபெருக்கியில், ஆயிரம் பேர் காதுபட.

மதக்கலவரம் நடந்த வங்காளத்து நவகாளிக்கும் இது பொருந்துகிறது. ஸ்ரீராம்பூர் கிராமத்தில் 1946 கடைசியில் உடன் வந்தவர்களையெல்லாம் ஊருக்கு ஒருவராக அனுப்பிவிட்டு அனேகமாகத் தனியாக இருந்தார். கூட இருந்த நிர்மல் குமார் போஸ் காதில் விழுந்தது, "என்ன செய்வேன், என்ன செய்வேன்" என்று இந்தியில் முனகிக்கொண்டிருந்தது. அவரைத் தனிமை வாட்டியிருந்தால் ஆட்களை அனுப்பியிருக்க மாட்டார். வாட்டியது வேறு.

அக்டோபர் 12, இரவு

தம்பி "படங்கள்? படங்களுக்கு என்ன பதில்?" என்கிறார். குனிந்த தலை, ராட்டை, கையில் தாள், பின்னால் ஜன்னல் வெளிச்சம். அந்தப் படம்தானே? 1946இல் பூனாவில் மார்கரெட் போர்க்-ஒயிட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்தது. அது மௌனநாள். அந்த அம்மா காந்தியோடு பேசக்கூடாது என்று உத்தரவு. முதலில் ராட்டையில் நூற்கக் கற்றுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஃப்ளாஷ் காந்திக்குப் பிடிக்காது, அந்த அம்மா கெஞ்சிக் கூத்தாடி மூன்று பல்புக்கு அனுமதி வாங்கினார். காந்தி பாட்டுக்குப் பத்திரிகை நறுக்குகளை வாசித்துக்கொண்டிருக்கிறார். லீவு நாளில் பேப்பர் படிக்கிற மனுஷன் தம்பி அது. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். என்ன, ராட்டை மட்டும் இருக்காது.

அக்டோபர் 19

இழை ரமணர் பக்கம் திரும்பிவிட்டது. நல்லதுதான், நம் ஊர்க்காரர்தானே. சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் 1896இல் பதினாறு வயதுப் பையனுக்கு மரண பயம் வந்தது, ஆகஸ்ட் கடைசியில் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார், அங்கே பல வருஷம் அநேகமாகப் பேச்சே இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. ரமணருக்குத் திங்கள், செவ்வாய் என்று கணக்கு கிடையாது. காந்தியுடையது வாரத்துக்கு ஒரு நாள், விலக்குகளோடு, செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்துவிடுகிற மௌனம். பேசாத நாளிலும் கை சும்மா இருக்காது. அவர் எழுதியவற்றைத் தொகுத்தபோது நூறு தொகுதி வந்தது. வலது கை ஓய்ந்தால் இடது கையால் எழுதினார். 1909இல் கப்பலில் அப்படித்தான்.

அக்டோபர் 27

என் வாதத்தில் ஓட்டை எங்கே என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. நானே போடுகிறேன்.

1944. பூனாவில் ஆகா கான் மாளிகைச் சிறை. அதே இடத்தில் 1942 ஆகஸ்ட் 15இல் அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் போய்விட்டார். 1944 பிப்ரவரி 22இல் கஸ்தூரிபா. சிதை எரிந்து முடியும் வரை கிழவர் நகரவில்லை. அறுபத்திச் சொச்சம் வருஷ வாழ்க்கை. மே மாதம் விடுதலை செய்தார்கள். ஜூஹூ கடற்கரையில் தங்கினார். அங்கே சில நாட்கள் மௌனம் இருந்தார்.

இங்கே துக்கமும் மௌனமும் ஒன்றாக வருகின்றன. உடம்புக்காக என்று சொல்லலாம். மலேரியா, ரத்தசோகை, வயிற்றில் கொக்கிப்புழு, எல்லாம் இருந்தன. ஆனால் அது சால்ஜாப்பு மாதிரி எனக்கே ஒலிக்கிறது. பெரியப்பா போலப் பேசித் தீர்க்க அவருக்கு யார் இருந்தார்கள்? கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய இரண்டு பேரும் அந்த மாளிகை வளாகத்திலேயே சாம்பலாகிவிட்டார்கள். மகாதேவர் கால் நூற்றாண்டு அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் எழுதி வைத்தவர். ஜூஹூவை மட்டும் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேன். திங்கட்கிழமைகளைக் கொடுக்க மாட்டேன்.

அக்டோபர் 28

"அப்படியென்றால் கஸ்தூரிபா திங்கட்கிழமைகளில் என்ன செய்தார்?" என்று கேட்டவருக்கு ஒரு பெரிய கும்பிடு. இத்தனை நாளில் உருப்படியான கேள்வி இதுதான். அவரும் எழுத்து வாசனை குறைவாகவே உள்ளவர். கணவர் சொல்லிக்கொடுக்க எடுத்த முயற்சிகள் அரைகுறையாக நின்றன. அப்படியானால் சீட்டு அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? ஆசிரமக் குழந்தை யாராவது வாசித்துக் காட்டியிருக்கும். வேண்டுமென்றே மாற்றி வாசித்ததா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நவம்பர் 2

வ.உ.சி.யின் கடைசிக் கால மௌனத்தையும் இங்கேயே பேசலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். அது கடன்காரர்களும் வாடகையும் அரிசிக் கணக்கும் சேர்ந்த கதை, சுபாவத்தை வைத்து அளக்கிற சமாசாரமில்லை. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். தூத்துக்குடிக்காரர்கள் யாராவது தொடங்கினால் இன்னும் நல்லது.